ஒற்றைப் பிரதிக்கு ஒரு வெளியீட்டு விழா

அச்சகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்.

கத்தியை எப்படிப் பிடிப்பது, பசையை எவ்வளவு தடவுவது என்று நான் எழுதப் போவதில்லை. அது கை பழக வரும். கை பழகியும் வராத ஒன்று இருக்கிறது. ஒரு ஆள் முன்னால் வந்து நின்று இப்பவே முடிவு சொல்லு என்று கேட்கிற நேரம், வாயில் எது வர வேண்டும், எது வரக்கூடாது என்பது. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சங்கதியை எழுதுகிறேன்.

இப்போது சித்திரம் படித்த பிள்ளைகள் தாங்களே புத்தகம் செய்கிறார்கள். பதிப்பகம் என்று ஒன்றும் இல்லை. வரைவதும் அவர்கள், வெளியிடுவதும் அவர்கள். கல்முனை பசாரில் எங்கள் அச்சகத்துக்கு அப்படிப் பலர் வந்தார்கள். ஒருவர் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டுகளைக் கொண்டுவந்து தைக்கச் சொன்னார். ஒரு பிள்ளைக்குத் திறக்க முடியாத புத்தகம் வேண்டும். நாலு பக்கமும் ஒட்டச் சொன்னாள். ஒட்டிக் கொடுத்தேன். உள்ளே என்ன என்று கேட்டேன். அதுதான், சாச்சா, கேள்வி என்றாள். சரி என்று விட்டேன். பைண்டிங் வேலையில் அதைவிட லேசான வேலை எனக்கு வந்ததில்லை.

உங்களிடமும் வருவார்கள். சிரிக்காதீர்கள். எத்தனை பிரதி என்று கேளுங்கள். சொல்கிற கணக்கு அவர்கள் வீட்டாருக்கும் தெரியுமா என்று கேளுங்கள். இதில் இரண்டாவதை எங்கள் அச்சகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் வந்த பாடுதான் இது.

ஸஹ்லா என்று ஒரு பிள்ளை. மருதமுனை. பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறாள். ஒருநாள் பொலித்தீனில் சுற்றிய தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“சாச்சா, இதத் தைக்கணும்.”

“எத்தின பிரதி?”

“இது மட்டுந்தான்.”

மெஷினில் நின்ற றமீஸ் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு வாய் சும்மா இராது.

“ஒண்டா? தங்கச்சி, கலியாணக் கார்டே நாங்க அம்பதுக்குக் குறைய அடிக்கிறல்ல.”

“நீங்க அடிக்கத் தேவல்ல. நான் தேச்சிட்டன்.”

அவள் செய்திருந்த வேலை இதுதான். கதிரையில் மெல்லிய தாளை விரித்து மேலே கரிக்கட்டியால் தேய்ப்பது. சில்லறைக் காசுக்கு மேல் தாளை வைத்துப் பிள்ளைகள் பென்சிலால் தேய்ப்பார்களே, அதே மாதிரி. கதிரையின் ஓட்டை, வெடிப்பு, பின்னல் எல்லாம் தாளில் எழும்பி வரும். ஆஸ்பத்திரி கிளினிக்கில் கிடக்கிற பிளாஸ்டிக் கதிரை, அக்கரைப்பற்று பஸ் நிலையத்து இரும்பு இருக்கை, சலூன் கதிரை, முழங்கால் மடக்க ஏலாதவர்களுக்குப் பள்ளிவாசலில் போட்டிருக்கிற கதிரை. பக்கத்துக்கு ஒன்று. எழுத்து ஒன்றுகூட இல்லை.

“பேர் போடாம எது ஆர்ர கதிரை எண்டு எப்பிடித் தெரியும்?” என்று றமீஸ் கேட்டான்.

“இருந்தவங்களுக்குத் தெரியும்.”

“அப்ப எங்கட ஸ்டூல் மட்டும் என்ன குறைச்சலா?”

பகிடிக்குத்தான் கேட்டான். அவள் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தாள். அவனை எழும்பச் சொன்னாள். ஸ்டூலில் தாளை வைத்துத் தேய்த்தாள். ஆணித் தலைகள் ஒவ்வொன்றாக வந்தன. றமீஸ் அதற்குப் பிறகு பகிடி பண்ணவில்லை. தன் ஸ்டூல் எத்தனையாம் பக்கத்தில் வரும் என்று மட்டும் கேட்டான்.

கொழும்பில் இப்படி ஓவியர்கள் தாங்களே செய்த புத்தகங்களுக்கு ஒரு கண்காட்சி. அங்கே அவளுக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. காலையில் கதவு திறக்கிற நேரம் புத்தகம் மேசையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேசை வேறு ஆளுக்குப் போய்விடும். முந்திய முறை தபாலில் அனுப்பினாளாம். பொதி நனைந்து போய்ச் சேர்ந்தது. இந்த முறை தானே பஸ்ஸில் கொண்டுபோவதாகச் சொன்னாள். பாடசாலையில் லீவும் எடுத்திருந்தாள்.

“இது போகாட்டி மறுகா என்னைய எடுக்கமாட்டாங்க, சாச்சா.”

தைத்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தட்டையாகக் கிடக்கிற மாதிரித் தைத்துக் கறுப்பு மட்டை போட்டேன். அவள் பஸ் ஏறுகிற நாளன்று வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

இடையில் நான் ஒரு கிழமை மகள் வீட்டில் நின்றுவிட்டேன். அந்தக் கிழமைதான் ஸஹ்லாவின் வாப்பா அச்சகத்துக்கு வந்திருக்கிறார். ஆதம்பாவா காக்கா. எனக்கு மூத்தவர் என்பதால் காக்கா. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிசன். மகளின் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா என்று அழைப்பிதழ் அடித்துக்கொண்டு போய்விட்டார். மகளுக்குச் சொல்லவில்லை. கடைசியில் சொல்லி அவளைச் சந்தோசப்படுத்துவது அவர் எண்ணம்.

நம் ஊர் வெளியீட்டு விழா உங்களுக்குத் தெரியும். குர்ஆனில் இருந்து கிராஅத் ஓதித் தொடங்கும். தலைமையுரை, நயவுரை, ஏற்புரை. வசதியான ஒருவர் மேடையில் முதற்பிரதி வாங்குவார். பிறகு அழைப்பிதழில் பேர் போட்டவர்கள் ஒவ்வொருவராக ஏறிச் சிறப்புப் பிரதி வாங்குவார்கள். றிபன் கட்டின புத்தகத்தைக் கையில் பிடித்துப் படம் எடுப்பார்கள். மேடையில் ஒருவரும் திறப்பதில்லை. அது வழமையும் இல்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்றுதான் விழா. ஸஹ்லா பஸ் ஏறுகிற நாளும் அதுதான். காலையிலேயே ஆதம்பாவா காக்கா வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

“கட்டு எங்க தம்பி? ஏத்துவம்.”

“என்ன கட்டு?”

“மகள்ற புத்தகக் கட்டு.”

மேசையில் கிடந்த புத்தகத்தைக் காட்டினேன்.

“இது ஒண்டு. மத்தது?”

“மத்தது இல்ல, காக்கா.”

அவர் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். தாள் வெட்டுகிற கட்டருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். தாள் அடுக்கி வைத்திருந்த மூலையில் ஒரு பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தார்.

“சும்மா பகிடி விடாதீங்க தம்பி. ஆட்டோக்காரன் நிக்கான்.”

அந்த நேரம் ஸஹ்லா வந்தாள். வேகமாக நடந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“வாப்பா, ஒண்டுதான் எண்டு நான் சொன்னன்தானே.”

“சொன்ன. முதல்ல ஒண்டு செய்வாங்க, மறுகா அதப் பாத்து மத்ததெல்லாம் அடிப்பாங்க. புத்தகம் எண்டா அப்பிடித்தானே. ஒண்டோட நிப்பாட்டுவீங்க எண்டு ஆருக்குத் தெரியும்?”

“விழா இரிக்கி எண்டு எனக்கும் நேத்துத்தானே தெரியும்.”

அவர் றமீஸின் ஸ்டூலில் இருந்தார். அழைப்பிதழை விரித்துப் பிடித்தார். சிறப்புப் பிரதி பெறுவோர் என்று போட்டு, மேலிருந்து கீழ்வரை பேர்.

“கரியத் தேச்சிக்கிட்டுத் திரியிறாள் எண்டு கதைக்கிறாங்க தம்பி. எங்கட குடும்பத்துக்குள்ளேயே கதைக்கிறாங்க. அவங்களுக்கு முன்னால ஒருநாளைக்கு, என்ட மகளும் புத்தகம் போட்டவள் எண்டு சொல்லணும் எண்டு நினச்சன். அவ்வளவுதான்.”

ஸஹ்லா அழைப்பிதழை வாங்கிப் பேர்களைப் பார்த்தாள்.

முதலில் போட்டோக்கொப்பி எடுத்துப் பார்த்தோம். கரியில் தேய்த்தது கொப்பியில் வராது. முழுத் தாளும் கறுப்பாக வந்தது. அடுத்த பக்கத்தை வைத்தோம். அதுவும் கறுப்பு. ஆஸ்பத்திரிக் கதிரையும் சலூன் கதிரையும் ஒரே கறுப்பு.

“கறுப்பெண்டா என்ன? மட்டைதானே வெளிய தெரியும்” என்றார் ஆதம்பாவா காக்கா.

றமீஸ் அதைவிட நல்ல யோசனை சொன்னான்.

“போன வருசத்துக் கலண்டர் மிச்சம் கிடக்கு. அளவா வெட்டி, நல்ல தாளால சுத்தி, றிபன் கட்டிக் குடுப்பம். மேடையில ஆரும் திறக்கிறல்லதானே. வீட்ட போய்த்தான் பாப்பாங்க. பாத்தாலும் நாலு நாளைக்குப் பிறகுதான்.”

வாப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கத்தரிக்கோலும் சுற்றுகிற தாளும் என் மேசையில் இருந்தன.

இந்த இடத்தைத்தான் சொல்ல வந்தேன். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். கேட்கிற ஆள் நல்லவராக இருப்பார். பாவமாக இருக்கும். வேலையும் லேசு. கை தானாகவே தாளை எடுத்துவிடும். கையை எடுத்து மடியில் வையுங்கள்.

“காக்கா, கலண்டரக் குடுத்தா அது உங்கட பேரில நிக்காது. புள்ளேட பேரிலதான் நிக்கும்.”

“அப்ப என்ன செய்யிற?”

“ஒண்டிரிக்கி. ஒண்ட வெளியிடுவம்.”

“எல்லாருக்கும்?”

“எல்லாருக்கும்.”

“ஒண்டயா?”

“ஒண்டத்தான். ஏறுவாங்க, வாங்குவாங்க, படம் எடுப்பாங்க. இறங்கக்குள்ள என்னட்டத் தருவாங்க. நான் திரைக்குப் பின்னால சுத்திக் கொண்டுவந்து அடுத்தவருக்குத் தருவன்.”

“சஹன் சோறு மாதிரி” என்றான் றமீஸ். “ஒரு தட்டச் சுத்தி ஊரே இருந்து தின்னுற.”

ஸஹ்லா ஒரு நிபந்தனை போட்டாள்.

“மேடையில சொல்லிப்போட்டுச் செய்யணும், சாச்சா. ஒளிச்சுச் செய்யப்படாது.”

சரி என்றேன். வாப்பா நெற்றியைத் தடவிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். கட்டு ஒன்றும் ஏறாமல் ஆட்டோ போனது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு விழா. மண்டபம் நிறைந்திருந்தது. ஆதம்பாவா காக்காவுக்கு ஊரில் நல்ல பேர்.

நயவுரை சொன்னவர் ஓய்வு பெற்ற ஒரு அதிபர். புத்தகத்தை அவர் கண்டதில்லை. காண்பதற்கு ஒன்றுதான் இருந்தது. அது என் மடியில் இருந்தது. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நூலை வரிக்கு வரி வாசித்தேன் என்றார். நூலாசிரியை தேவையில்லாத ஒரு சொல்லும் போடவில்லை என்றார். இந்தக் காலத்தில் வருகிற புத்தகங்களில் எழுத்துப்பிழை மலிந்து கிடக்கிறது, இதில் ஒரு எழுத்துப்பிழையை எனக்குக் காட்ட ஏலுமா என்று சபையைப் பார்த்துக் கேட்டார். ஒருவருக்கும் ஏலவில்லை. சபை கை தட்டியது. அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

பிறகு ஸஹ்லா ஒலிவாங்கிக்கு வந்தாள். ஒரு புத்தகந்தான் இருக்கிறது, அச்சடித்ததில்லை, ஒவ்வொருவரும் வாங்கிப் படம் எடுத்துவிட்டு இறங்கும்போது தந்துவிட வேண்டும் என்றாள்.

“அப்ப வீட்ட என்னத்தக் கொண்டு போற?” என்று நடுவில் இருந்து ஒருவர் கேட்டார்.

“படத்த” என்றான் றமீஸ். அவன்தான் படம் எடுக்கிற ஆள்.

அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. நான் போய் மேடைப் படிக்குக் கீழே நின்றேன். திருப்பித் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால் றிபனைத் தளர்த்தித்தான் கட்டியிருந்தேன்.

முதற்பிரதிக்கு ஹாஜியாரை அழைத்தார்கள். அரிசி ஆலைக்காரர். ஊரில் வந்த புத்தகங்களில் முக்கால்வாசிக்கு அவர்தான் முதற்பிரதி வாங்கியவர். வீட்டில் ஒரு அலுமாரி நிறைய முதற்பிரதிகள். எல்லாம் கட்டின றிபனோடு நிற்கும் என்று சொல்வார்கள். அவர் ஏறினார். பொன்னாடை போட்டார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். றிபன் கழன்று விழுந்தது. புத்தகம் திறந்தது.

ஹாஜியார் பார்த்தார். ஒரு பக்கத்தைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றுவிட்டார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் சபைக்கே கேட்டது.

“இது என்ட மில்லுக் கதிரை.”

“ஓம் ஹாஜியார்” என்றாள் ஸஹ்லா. “வாப்பாவோட நெல்லுக் குத்த வந்த நேரம் தேச்ச. நீங்க லுஹர் தொழப் போயிருந்தீங்க.”

“ஆரக் கேட்டுத் தேச்ச?”

வாப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஆரும் இருக்கல்ல. கதிரை சும்மா கிடந்திச்சு.”

ஹாஜியார் தாளில் விரலை வைத்தார். பிரம்புப் பின்னல் அறுந்த இடத்தில் யாரோ சாக்கு நூலால் இழுத்துத் தைத்திருந்தது, கரியில் தடிப்பாக வந்திருந்தது.

“இது நான் தச்ச தையல்” என்றார். “இத்தின வருசமா இதுக்கு மேல இரிக்கன். ஒருநாளும் கிறுகி இதப் பாக்கல்ல.”

சொல்லிவிட்டு மேடையில் கிடந்த கதிரையில் இருந்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். இறங்கவில்லை.

அறிவிப்பாளருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த தாளின்படி அடுத்த பேரை வாசித்தார். மீனவர் சங்கத் தலைவர் ஏறினார். புத்தகத்துக்குக் கை நீட்டினார். ஹாஜியார் புத்தகத்தின் ஒரு மூலையை அவர் பக்கம் தள்ளினார். மறு மூலையை விடவில்லை.

“ஒல்லுப்போல, ஒரு நிமிசம் விடுங்களன் ஹாஜியார். படம் எடுக்கிற.”

“நீ அதப் பிடி. நான் இதப் பிடிக்கன். ரெண்டு பேருக்கும் ஏலும்தானே.”

அப்படியே எடுத்தார்கள். அடுத்தவர் ஏறினார். அவருக்கும் ஒரு மூலை. அதற்கடுத்தவருக்கும் ஒரு மூலை. பேர் போட்ட எல்லாரும் ஒரு மூலையைப் பிடித்தார்கள். மறு மூலையில் ஹாஜியார்.

“எல்லாப் படத்திலயும் மாப்பிள மாதிரி நிக்கார்” என்று றமீஸ் எனக்குக் கேட்கச் சொன்னான்.

நான் படிக்குக் கீழே வெறுங்கையோடு நின்றேன். என் திட்டத்தில் எனக்கு ஒரு வேலையும் மிஞ்சவில்லை.

பிறகு வேறு பிரச்சினை தொடங்கியது. இறங்கியவர்கள் திரும்ப ஏறினார்கள். சலூன்காரர் வந்து தன் கடைக் கதிரை எத்தனையாம் பக்கம் என்று கேட்டார். ஹாஜியார் புரட்டிக் காட்டினார். பள்ளிவாசல் கதிரையைப் பார்த்த ஒருவர் இது எங்கள் பள்ளிக் கதிரை இல்லை, எங்களுடையதில் இடது பக்கம் வெடிப்பு இருக்கிறது என்றார். இன்னொருவர், மேலே இருந்து பார்த்தால் இடதும் வலதும் மாறுமா மாறாதா என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து மேடையில் வைத்துப் பார்த்தார்கள். மாறாது என்று முடிவானது.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. ஹாஜியார் எழும்பினார். புத்தகத்தை மூடிக் கமக்கட்டில் வைத்தார். பொன்னாடையோடு இறங்கிப் பள்ளிவாசலுக்கு நடந்தார். கொழும்பு பஸ் எட்டு மணிக்கு.

வாசலில் ஸஹ்லா, வாப்பா, றமீஸ், நான். அவளது பை தோளில் இருந்தது. பையில் உடுப்பு இருந்தது. புத்தகம் இல்லை.

“நீங்க கேளுங்களன் வாப்பா.”

“நான் எப்பிடி மகள் கேக்கிற? வீட்ட போய்க் கூப்பிட்டதே நான்தான். முதற்பிரதி உங்களுக்குத்தான் எண்டு என்ட வாயால சொல்லிக் கூப்பிட்டன்.”

றமீஸிடம் யோசனைக்குக் குறைவில்லை.

“தொழக்குள்ள கையில வெச்சிக்கிட்டா தொழுவார்? எங்கயாவது வெப்பார்தானே. நான் எடுத்துக்கிட்டு வாறன். நேரா பஸ்ஸுக்கு.”

“பள்ளிக்குள்ள களவெடுக்கப் போறியா?” என்று நான் கேட்டேன்.

“களவென்ன காக்கா? எங்கட புத்தகந்தானே.”

“இல்ல. இப்ப அவர்ர புத்தகம்” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஸஹ்லாவும் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் நான் சொன்னது சரி. இறங்கும்போது தர வேண்டும் என்று ஸஹ்லா சொன்னது உண்மைதான், ஆனால் முதற்பிரதி உங்களுக்கு என்று வாப்பா முதலே வாக்குக் கொடுத்துவிட்டார். சபையைக் கூட்டி, பேரைச் சொல்லி, கையில் கொடுத்தது. படமும் இருக்கிறது. பொருள் அவருடையதுதான். அவரோடு போய் இது எங்களுடையது என்று வாதாடினால் முதல் பேச்சிலேயே நாங்கள் பொய்யர் ஆகிவிடுவோம். ஸஹ்லாவுக்கு வேண்டியது வாதில் வெல்வது இல்லை. காலையில் புத்தகம் கொழும்பில் இருப்பது. இரண்டும் வேறு வேறு. பதற்றத்தில் ஒன்று மாதிரித் தெரியும். பள்ளிவரைக்கும் நடந்ததில் எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

ஹாஜியார் புத்தகத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பொன்னாடையால் மூடியிருந்தார். தொழுகை முடிந்தது. அவர் துஆ கேட்டு முடிக்கிற மட்டும் பக்கத்தில் இருந்தேன்.

“திருப்பிக் கேக்க வந்திரிக்காய்” என்றார், திரும்பாமலே.

“இல்ல ஹாஜியார். புத்தகம் உங்கட.”

“அப்ப என்னத்துக்கு இருக்காய்?”

“அது நாளைக்குக் காலம கொழும்பில இரிக்கணும்.”

கண்காட்சியைச் சொன்னேன். மேசையைச் சொன்னேன். முந்திய முறை நனைந்து போன பொதியைச் சொன்னேன். பஸ் நேரத்தையும் சொன்னேன்.

“போனா திரும்பி வருமா?”

வரும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே தந்திருப்பார்.

“தெரியா ஹாஜியார். வெளிநாட்டாக்களும் வருவாங்களாம். ஆரும் விரும்பிக் கேக்கவும் கூடும்.”

“அப்ப நான் எப்பிடி விடுற?”

“விடாதீங்க.”

இப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீங்களும் போங்க” என்றேன்.

ஹாஜியார் ஜன்னல் பக்கம் பார்த்தார். தாடியைத் தடவினார்.

“எனக்குச் சித்திரம் ஒண்டும் தெரியா.”

“எனக்கும்தான்.”

“மில்ல ஆர் பாக்கிற?”

“மகன்மார் இரிக்காங்கதானே.”

“அவனுகளுக்கு நெல்லுக்கும் உமிக்கும் வித்தியாசம் தெரியா” என்றார். பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “பஸ்ஸில சீட் கிடைக்குமா?” என்று கேட்டார்.

சீட்டை ஆதம்பாவா காக்கா பார்த்துக்கொண்டார். மகளைத் தனியாக விடாமல் அவரும் போவதாக இருந்தது. கொண்டக்டரோடு கதைத்து மூன்றாவது சீட் ஒன்றை எப்படியோ எடுத்தார். ஹாஜியாரிடம் பை இல்லை. மாற்று உடுப்பு இல்லை. தோளில் பொன்னாடை, கையில் புத்தகம். பஸ் நிலையத்தில் நின்று வீட்டுக்குப் போன் எடுத்தார். மறுபக்கம் அவர் மனைவி கதைத்தது எங்களுக்கும் கேட்டது.

“கொழும்புக்கா? இப்பயா? என்னத்துக்கு?”

“கதிரை ஒண்டு பாக்க.”

“நம்மட வீட்டில இல்லாத கதிரையா கொழும்பில கிடக்கு?”

“நம்மட கதிரதான்கா. அது கொழும்புக்குப் போகுது.”

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஏறினார். ஜன்னல் பக்கம் இருந்து புத்தகத்தை மடியில் வைத்தார். ஸஹ்லா படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

“சாச்சா, இவர் அங்க வந்து என்ன செய்வார்?”

“தெரியா புள்ள. புத்தகம் போகுதுதானே.”

பஸ் போனது. றமீஸும் நானும் மண்டபத்துக்குத் திரும்பிக் கதிரைகளை அடுக்கினோம். ஒவ்வொரு கதிரையையும் அவன் திருப்பிப் பார்த்துத்தான் அடுக்கினான். அதனால் நேரம் எடுத்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, பொருள் ஆருடையது என்று சண்டை வந்தால் அதில் இறங்காதீர்கள். பொருள் எந்த நேரம் எங்கே இருக்க வேண்டும் என்று பாருங்கள். சொந்தக்காரர் வழியில் நின்றால் அவரையும் ஏற்றி அனுப்புங்கள். பஸ்ஸில் இடம் இருக்கும். பொய் சொல்லிப் பொருளை வாங்கிவிடாதீர்கள். அதுதான் லேசாகத் தெரியும். அந்தப் பொய்யை நீங்கள் போன பிறகு சுமப்பது பொருளைச் செய்த பிள்ளை.

மறுநாள் காலையில் ஸஹ்லா போன் எடுத்தாள். கதவு திறக்க முதலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மேசை அவளுக்குத்தான். பின்னேரம் திரும்பவும் எடுத்தாள். சுற்றிவரச் சனம் கதைக்கிற சத்தம் கேட்டது.

“சாச்சா, ஹாஜியார் புத்தகத்த மேசையில வெக்கிறாரில்ல.”

“அப்ப?”

“ஒரு கதிரைய இழுத்துப் போட்டு, மடியில வெச்சிக்கிட்டு இரிக்கார். பாக்கிற ஆக்கள் அவருக்குப் பக்கத்தில வந்து குனிஞ்சு நிக்கணும். அவர்தான் புரட்டுவார். ஆரும் அவசரமாப் பாத்திட்டுப் போகப் போனா, இருங்க, இன்னும் முடியல்ல எண்டு கையப் பிடிச்சி நிப்பாட்டுறார்.”

“அவங்களுக்கு விளங்குதா?”

“அவர் தமிழிலதான் சொல்றார். எல்லாரும் நிக்காங்க. வெளிநாட்டு மனிசி ஒராள் ரெண்டாந்தரமும் வரிசையில வாறா.”

“கண்காட்சிக்காரர் ஒண்டும் சொல்லல்லயா?”

“முதல்ல வந்து, புத்தகம் மேசையில இரிக்கணும், இதுதான் இங்கத்த முறை எண்டு சொன்னாங்க. முதற்பிரதி எண்டா என்ன எண்டு வாப்பா அவங்களுக்கு விளங்கப்படுத்தினார். கனநேரம் விளங்கப்படுத்தினார்.”

“மறுகா?”

“மறுகா வரிசைக்கு இடைஞ்சலா இரிக்கி எண்டு அவங்களே மேசையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, சாச்சா.”